சாரம் சரிந்தால் குடும்பமும் சரிய வேண்டுமா? கட்டட வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீடு... முழு வழிகாட்டி

சனிக்கிழமை. சம்பள நாள். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது தின்பண்டத்தோடு வரவேண்டிய மனுஷன், மதியமே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இரண்டாவது மாடியில் பூச்சு வேலை. சாரத்தில் கட்டியிருந்த கயிறு நழுவிவிட்டது.

அரை மணி நேரத்தில் கான்ட்ராக்டர் வந்து நிற்கிறார். "நான் பார்த்துக்கிறேன்மா, நீ கவலைப்படாதே. டாக்டர் கேட்டா வீட்டுல வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிடு. சைட்ல விழுந்தார்னு சொன்னா போலீஸ், கேஸ்னு இழுத்துடும்" என்கிறார். கையில் பத்தாயிரம் ரூபாயைத் திணிக்கிறார். மூன்றாம் நாள் ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குகிறார். அதற்குப் பிறகு போன் போட்டால் எடுப்பதில்லை.

கட்டட வேலைக்குப் போகிற எந்தக் குடும்பத்திலும் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு கதை இருக்கும். அந்த முதல் மூன்று நாள்களில் வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் பல லட்ச ரூபாய் கிடைப்பதும் கைவிட்டுப் போவதும் இருக்கிறது. உங்கள் வீட்டில் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு அவர்களிடமும் சொல்லுங்கள். நீங்களே இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம்: யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம்

"நீ கவனமா இருந்திருந்தா விழுந்திருப்பியா?" என்று கேட்டே பலரை வாயடைக்க வைத்துவிடுவார்கள். சட்டம் அப்படிக் கேட்பதில்லை.

1923-ம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. 2010-லிருந்து அதற்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர். இதன்படி வேலை நேரத்தில், வேலையின் காரணமாக விபத்து நடந்து காயமோ மரணமோ ஏற்பட்டால், வேலை கொடுத்தவர் இழப்பீடு தரவேண்டும். முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய அவசியம் கிடையாது. தினக்கூலியா, நிரந்தர ஊழியரா என்பதும் தடையில்லை. நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தார் என்றாலும் உரிமை உண்டு.

2025 நவம்பர் 21 முதல், சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 அமலுக்கு வந்து, பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும். பிறகு நடந்தவற்றுக்குப் புதியது. ஆனால், இழப்பீடு கணக்கிடும் அடிப்படை முறை மாறவில்லை.

விதிவிலக்குகள் சில உண்டு. மூன்று நாள்களுக்குள் சரியாகிவிடும் சிறு காயத்துக்கு இழப்பீடு இல்லை. குடிபோதையால் நேரடியாக ஏற்பட்ட விபத்து, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றி வைத்தது போன்றவற்றில் முதலாளி தப்பிக்கலாம். ஆனால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால் இந்தக் காரணங்களையும் சொல்லித் தப்பிக்க முடியாது. அதுபோல, ஹெல்மெட்டும் பெல்ட்டும் கொடுக்கவே இல்லாத சைட்டில் "அவர் ஹெல்மெட் போடலை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

முதல் மூன்று நாள்கள்: என்ன செய்ய வேண்டும்?

* ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். "இன்ன இடத்தில், இன்னாருடைய கட்டடத்தில் வேலை செய்யும்போது, இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்" என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்பார்கள். பின்னால் வழக்கில் முதலில் கேட்கப்படும் காகிதம் இதுதான். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

* போலீஸில் புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். அல்லது குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உயிரிழப்பு என்றால் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கட்டாயம் வேண்டும். "உடம்பை அறுக்க வேண்டாம், அப்படியே எடுத்துட்டுப் போயிடலாம்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் கேட்காதீர்கள். ஊருக்கு எடுத்துச் செல்லும் அவசரத்தில் பிரேதப் பரிசோதனையை விட்டுவிட்ட குடும்பங்கள் பின்னால் ரொம்பவும் சிரமப்படுகின்றன.

* போன் இருக்கிறதல்லவா? விழுந்த இடம், சாரம், கயிறு, சைட்டில் இருக்கும் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த நாளே சாரத்தைப் பிரித்துவிடுவார்கள்.

* உடன் வேலை செய்தவர்கள் இரண்டு பேரின் பெயர், ஊர், போன் நம்பர் குறித்துக்கொள்ளுங்கள். சைட் முடிந்தால் ஆளுக்கு ஒரு திசையாகப் போய்விடுவார்கள்.

* கூலிக்கு ஆதாரம் தேடுங்கள். சம்பள ரசீது இருக்காது. மேஸ்திரியின் நோட்டு, வாரக்கூலியை போனில் அனுப்பிய பணப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் மெசேஜ் எதுவானாலும் உதவும். எதுவுமே இல்லையா? உடன் வேலை செய்தவர் சாட்சியும், அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியும் இருக்கின்றன.

* மருந்துச் சீட்டு, ஸ்கேன், பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள். ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள், போதும்.

கையெழுத்துக் கேட்டால்?

வெற்றுத்தாளில் கையெழுத்து, கைநாட்டு வேண்டவே வேண்டாம். எழுதிய தாள் என்றாலும், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான்.

ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டீர்களா? பதற வேண்டாம். "இனிமேல் எந்த இழப்பீடும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இரு தரப்பும் சமரசமாகப் போவதென்றாலும், அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை மிகக் குறைவு என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம்.

இன்னொன்று. தொழிலாளி இறந்துவிட்டால், முதலாளி இழப்பீட்டை ஆணையரிடம் டெபாசிட் செய்ய வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதக் கூலி வரைக்கும் முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. துக்க வீட்டில் யார் கையில் பணம் போகிறது என்று யாருக்குத் தெரியும்? மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, வயதான தாய் தகப்பனுக்கு எவ்வளவு என்று ஆணையரே பிரித்துக் கொடுப்பார். சிறு பிள்ளைகளின் பங்கை டெபாசிட்டில் போட்டு வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கைப் பார்ப்போம்

கணக்குக்கு இரண்டு விவரம் வேண்டும்: மாதக் கூலி, விபத்தன்று தொழிலாளியின் வயது. ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தின் அட்டவணையில் ஓர் எண் இருக்கிறது. 30 வயதுக்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. வயது கூடக்கூட எண் குறையும்.

மாதக் கூலி எவ்வளவாக இருந்தாலும், கணக்குக்கு எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 15,000 ரூபாய்தான். 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பு இது. அதற்கு முன்பு 8,000 ரூபாயாக இருந்தது. இன்றைக்கு ஒரு கொத்தனார் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. நியாயமா என்று கேட்டால், இல்லைதான்.

இப்போது 40 வயது கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக் கூலி 15,000.

மரணம்: கூலியில் 50 சதவிகிதம், அதாவது 7,500 பெருக்கல் 184.17. மொத்தம் 13,81,275 ரூபாய்.

நிரந்தர முழு ஊனம்: கூலியில் 60 சதவிகிதம், அதாவது 9,000 பெருக்கல் 184.17. மொத்தம் 16,57,530 ரூபாய்.

நிரந்தரப் பகுதி ஊனம்: முழு ஊனத்துக்கான தொகையில், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்தச் சதவிகிதம். அட்டவணைப்படி கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவிகிதம். நம் கொத்தனாருக்கு 4,97,259 ரூபாய். ஒரு கண் போய் இன்னொரு கண் நன்றாக இருந்தால் 40 சதவிகிதம். முதுகெலும்புக் காயம்போல அட்டவணையில் இல்லாதவற்றுக்கு மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தருவார்.

தற்காலிக ஊனம்: எலும்பு முறிந்து சில மாதம் வேலைக்குப் போக முடியாது என்றால், கூலியில் 25 சதவிகிதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நம் கொத்தனாருக்கு 3,750 ரூபாய், மாதத்துக்கு 7,500. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை. ஊனம் 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு.

இது தவிர, சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவையும் முதலாளி தரவேண்டும். "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு லட்சம் கட்டினேனே, அதைக் கழிச்சுக்கோ" என்று சொல்ல முடியாது. மருத்துவத்துக்குக் கொடுத்த பணம் இழப்பீட்டில் சேராது என்று சட்டமே சொல்கிறது. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் அதிகம்.

ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் 1923-ம் ஆண்டு சட்டப்படி 12 சதவிகித வட்டி. தக்க காரணமே இல்லையென்றால், தொகையில் 50 சதவிகிதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

தச்சரின் கை

சதவிகிதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டாக்டர் சொல்வது உடம்பின் ஊனச் சதவிகிதம். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. இரண்டும் ஒன்றல்ல.

1968-ல் ஒடிசாவில், ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி முழு ஊனம் இல்லை என்று முதலாளி தரப்பு வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இவருக்கு இது முழு ஊனமே என்று 1975-ல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு தரும் கடமை விபத்து நடந்த அன்றே தொடங்கிவிடுகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் இதே நியாயம்தான். சாரம் ஏற முடியாத கால், கரணை பிடிக்க முடியாத கை என்றால், "இனி என்னால் என் தொழிலைச் செய்ய முடியாது" என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது? மேஸ்திரியிடமா, பில்டரிடமா?

பில்டர் கான்ட்ராக்டருக்குக் கொடுப்பார், அவர் சப் கான்ட்ராக்டருக்கு, அவர் மேஸ்திரிக்கு. விபத்து நடந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கட்டுமானத்தையே தொழிலாகச் செய்யும் பில்டர், வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தாலும், தொழிலாளிக்கு அவரும் பொறுப்பு. அவர் பணத்தைக் கட்டிவிட்டு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அது அவர்கள் பாடு. எனவே மனுவில் மேஸ்திரி, கான்ட்ராக்டர், பில்டர், காப்பீட்டு நிறுவனம் என எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நல்லது.

எங்கே, எப்போது மனு போடுவது?

தமிழ்நாட்டில் தொழிலாளர் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகத்தில், இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு செய்யலாம். விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போடவேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் ஊருக்கு உரிய அலுவலகத்திலும் போடலாம். சென்னையில் விழுந்தவரின் மனைவி விழுப்புரத்திலேயே மனு செய்யலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வந்து வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கும் இது பொருந்தும். பக்கத்து சைட்டில் அப்படி யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள்.

கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். தாண்டிவிட்டால் தக்க காரணம் சொல்லி ஏற்கச் சொல்லலாம் என்றாலும், அந்த நிலைமைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. "கேஸ் முடியட்டும், அப்புறம் தர்றேன்" என்று முதலாளி சொல்வதை நம்பி இரண்டு வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள். போலீஸ் வழக்கு தனி, இழப்பீடு தனி. அந்த வழக்கில் அவர் விடுதலையே ஆனாலும் இழப்பீட்டுக்குத் தடையில்லை.

வக்கீல் வைக்க வசதியில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியலின, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டும் வழக்குப் போடலாம். ஆனால், அங்கே முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால்?

2015 ஆகஸ்ட் முதல் கட்டுமான சைட் தொழிலாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. திட்டம் விரிவாக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களின் சைட்டில் வேலை செய்பவர்கள், தங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. பதிலாக இ.எஸ்.ஐ-யே சிகிச்சை தரும். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவிகிதம் வரும். நிரந்தர ஊனத்துக்கும், இறந்தால் குடும்பத்துக்கும் மாதாமாதம் தொகை உண்டு.

நல வாரியம்: இது தனிக் கதவு

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லிருந்து இயங்குகிறது. கட்டடச் செலவில் ஒரு சதவிகிதமாக வசூலிக்கப்படும் நல நிதியிலிருந்து தொழிலாளர்களுக்கு உதவிகள் தரப்படுகின்றன. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பணியிட விபத்து மரணம், விபத்து ஊனம், இயற்கை மரணம், ஈமச்சடங்கு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் எனப் பல உதவிகள் உண்டு. தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால், விண்ணப்பிக்கும் அன்று என்ன தொகை என்று மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கே ரொம்பப் பேர் குழம்புவது ஒன்று உண்டு. வாரியப் பணம் வாங்கிவிட்டால் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாரியம் தருவது அரசின் உதவி. முதலாளி தருவது அவருடைய கடன். இரண்டையும் வாங்கலாம். பதிவு செய்யாத தொழிலாளி சைட்டில் இறந்துபோனாலும் உதவி கேட்க வழி இருக்கிறது. "கார்டு இல்லையே" என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள்.

கார்டு இருப்பவர்கள் ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதா? நாமினி பெயர் சரியா? கல்யாணத்துக்கு முன் பதிவு செய்தவர்கள் பலரின் கார்டில் இன்னும் அம்மா பெயர்தான் இருக்கும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு

உங்கள் வீட்டுக்கு நீங்களே ஆள் வைத்து, நீங்களே கூலி கொடுத்தால், நீங்கள்தான் முதலாளி என்று வாதம் வரும். மேஸ்திரியிடம் மொத்தமாக விட்டிருந்தால் முதல் பொறுப்பு அவருடையது. ஆனாலும் வழக்கில் உங்களையும் சேர்ப்பார்கள். வேலை தொடங்கும் முன்பே தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் வீட்டில் அந்த பிரீமியம் பெரிய தொகையில்லை. கான்ட்ராக்டர் எடுத்திருக்கிறேன் என்றால் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேதி முடிந்துவிட்டதா, எத்தனை பேருக்கு என்று பாருங்கள்.

சாரத்துக்குப் புதுக்கயிறு, லிஃப்ட் குழிக்கு மறைப்பு, ஹெல்மெட், பெல்ட் இவையெல்லாம் டைல்ஸ் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் கிரிமினல் வழக்கும் வரும். 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒற்றை ஆள் விழுந்து இறப்பது செய்தித்தாளில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வீட்டில் முடிவதில்லை.

இன்றைக்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வேலைக்குப் போகிறவரிடம் மூன்று விஷயம் கேட்டு, காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்: சைட் இருக்கும் இடம், மேஸ்திரியின் போன் நம்பர், பில்டரின் பெயர். அந்தக் காகிதம் ஒருநாளும் தேவைப்படாமலே போகட்டும். தேவைப்பட்டால், யார் பத்தாயிரத்தோடு வந்து நின்றாலும், எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.